பிலிமோனுக்குக் கொடுத்த வண்டி

பிலிமோன் காலமான நாற்பதாம் நாளன்று, தேவாலயத்தில் மன்றாட்டு முடிந்து, பந்தி பரிமாறுவதற்கு முன்பாகவே, அவருடைய மனைவி லியோன்தினா அந்தப் பழைய பிக்கப் வண்டியைத் தானமாகக் கொடுத்துவிட்டார்.

பிளம் தோட்டங்கள் சூழ்ந்த அந்த மலைச்சரிவில் நாற்பதாம் நாள் தானம் என்பது புதிய வழக்கமன்று. இறந்தவர் பெயரைச் சொல்லி உயிரோடிருப்பவர் ஒருவர் கையில் எது கொடுக்கப்படுகிறதோ, அது மறுவுலகில் இறந்தவர் கையில் போய்ச் சேரும். ஆகவே சட்டை கொடுப்பார்கள். தலையணை, போர்வை, தண்ணீர்க் குவளை, சிறிய நாற்காலி கொடுப்பார்கள். சற்று வசதியுள்ள ஒரு வீட்டார் ஒருமுறை தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது நெடுநாள் பேசப்பட்டது. வண்டியை எவரும் கொடுத்ததில்லை.

லியோன்தினா கறுப்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வட்ட ரொட்டி ஒன்றின் மீது வண்டிச் சாவியை வைத்தார். சாவியோடு ஒரு மெழுகுவத்தி சிவப்பு நூலால் கட்டப்பட்டிருந்தது. அடியில் புதிய துண்டு. வண்டியின் முகப்புக்கு இந்தப் பக்கம் அவர் நிற்க, அந்தப் பக்கம் சரிவில் கீழே குடியிருக்கும் இலாரியே நின்றார். எரிகிற மெழுகுவத்தியோடு ரொட்டி வண்டிக்கு மேலாகக் கைமாறியது.

"இது பிலிமோனுக்கு," என்றார் லியோன்தினா.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்," என்றார் இலாரியே. அதுதான் சொல்ல வேண்டிய பதில். தானம் பெறுகிறவர் நன்றி என்று சொல்லிவிட்டால், கொடுத்தது வழியிலேயே நின்றுவிடும் என்பது அவ்வூரில் குழந்தைகளுக்கும் தெரியும்.

பந்தியில் அமர்ந்திருந்தவர்கள், துக்க வீடு என்பதையும் மீறி, தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"வண்டி போயிருச்சு, சரி. அங்க பெட்ரோல் யாரு ஊத்துவா?"

"பெட்ரோல விடு. மேல போற வழியெல்லாம் சுங்கச்சாவடின்னு பாதிரியாரு சொல்றாரு. நடந்து போறவனுக்குக் காசு கையில வச்சு அனுப்பினோம். வண்டிக்குத் தனியா கேக்க மாட்டானா?"

"பிலிமோன் அண்ணன் பேசியே தாண்டிருவாரு. இந்த வண்டிய எத்தன போலீஸ்கிட்டேர்ந்து பேசியே தப்பிச்சுக் கொண்டாந்திருக்காரு."

இவை அனைத்தும் லியோன்தினாவின் காதில் விழுந்தன. அவருக்கு வருத்தமில்லை. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி வேகவைத்த இறைச்சியை ஒவ்வொருவர் தட்டிலும் இரண்டிரண்டு கூடுதலாகவே வைத்துக்கொண்டு போனார்.

அவர் வண்டியைக் கொடுத்ததற்குக் காரணம் பிலிமோனுடைய கால்.

சர்க்கரை நோய் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் மூன்று குளிர்காலங்கள் பிலிமோன் உயிரோடிருந்தார். ஊன்றுகோல்கள் பிதேஷ்டி நகரத்து மருத்துவமனையில் இரவலாகப் பெற்றவை. அடக்கம் முடிந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகப் பிலிமோன் ஒற்றைக் காலோடு, கையில் ஊன்றுவதற்கு ஒன்றுமில்லாமல், மண்ணுக்குள் போனார். அன்றிலிருந்து கண்ணை மூடினால் லியோன்தினாவுக்குத் தெரிந்தது ஒரே காட்சிதான். நீண்ட சாலை. எல்லோரும் நடந்து போகிறார்கள். பிலிமோன் மட்டும் ஓரமாக, ஏதோ ஒரு மரத்தைப் பிடித்தபடி நிற்கிறார்.

அந்த வண்டியைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். டாசியா 1300 என்ற சிறிய குடும்பக் கார் நாடெங்கும் ஓடிய காலத்தில், அதன் பின்பாதியை நீக்கிவிட்டுச் சுமை ஏற்றும் தொட்டி வைத்துச் சில ஆண்டுகள் மட்டுமே, மிகச் சொற்பமாகவே, செய்யப்பட்ட வண்டி அது. அதற்குப் பின்னால் வந்த பிக்கப்புகள் ஏராளம். முன்புறம் மூடியும் பின்புறம் திறந்தும் இருப்பதால் அவற்றைச் செருப்பு என்றே ஊரார் அழைத்தார்கள். பிலிமோனுடைய வண்டியையும் யாராவது அப்படி அழைத்துவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"செருப்பு இதோட பேரன்டா. இது மூத்தது. மரியாதையாப் பேசு," என்பார்.

கூட்டுறவுப் பண்ணைக்காகப் பழக்கூடைகளை ஏற்றி அவ்வண்டியை ஓட்டியவர் அவரே. பண்ணை கலைக்கப்பட்டபோது அதை அவரே வாங்கிக்கொண்டார். துரு ஏறிய இடங்களில் வேலிக்கு வாங்கிய பச்சைப் பெயிண்டை அடித்தார். கால் போன பிறகு, கொல்லரிடம் சொல்லி ஆக்ஸிலரேட்டரோடு ஓர் இரும்புத் தண்டைப் பொருத்தி, அதன் மேல்முனையில் பிளம் கட்டையில் கடைந்த குமிழ் ஒன்றையும் மாட்டிக்கொண்டார். கிளச்சையும் பிரேக்கையும் இடது கால் கவனித்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரை வலது கை அழுத்தியது. சட்டப்படி அது கூடாதுதான். வீட்டிலிருந்து மேலே தோட்டம் வரைக்கும் மட்டுமே ஓட்டுவதாக லியோன்தினாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பல நாட்கள் அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது அவர் கால் இழந்தவராகத் தெரிந்ததில்லை.

இலாரியேவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. பனி மூடி ஆம்புலன்ஸ் மேலே வர முடியாமல் போன ஒரு காலையில், பிலிமோனை முதுகில் சுமந்து பெரிய சாலை வரை இறக்கியவர் அவர். அவருடைய குதிரை செத்துப்போய், தோட்டத்துப் பழங்களைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இருந்தார். வண்டியை அவர் நாள்தோறும் ஓட்டுவார். இங்கே ஓடினால்தானே அங்கேயும் ஓடும்.

லியோன்தினா கணக்கிட்டது தவறவில்லை. விடிந்ததும் அந்த எஞ்சினின் இருமல் கேட்கும். வேலியைத் தாண்டி, வளைவில் மூன்றாவது கியர் கரகரக்கும். பால் கறந்துகொண்டிருக்கும் லியோன்தினா பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்தபடி, "கிளம்பிட்டாரு," என்று சொல்லிக்கொள்வார். சாலையோர மரத்தைப் பிடித்து நிற்கும் அந்த உருவம் அதன்பின் அவர் கனவில் வரவில்லை.

கோடை இப்படியே சென்றது. பிளம் பறிப்பு முடிந்து சாராயம் காய்ச்சும் புகை எழும் பருவத்தில், ஒரு காலையில் அந்த இருமல் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வேறொரு எஞ்சின், மெத்தென்று, ஒரு கரகரப்பும் இல்லாமல், வளைவைத் தாண்டிப் போயிற்று. லியோன்தினா பால் வாளியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். மாலையில் அது திரும்பி வரும்வரை அங்கிருந்து அசையவில்லை.

சாம்பல் நிற ஜப்பானிய பிக்கப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் இலாரியே. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா."

"எங்க அது?"

"வருஷச் சோதனைக்குக் கொண்டுபோனேன். அடிச்சட்டம் துரு தின்னுடுச்சு, ரோட்டுல ஏத்தக் கூடாதுன்னு சோதனைக்காரன் அனுமதிச் சீட்டக் கிழிச்சிட்டான். அப்புறம் புக்கரெஸ்ட்லேர்ந்து ஒரு பல்டாக்டரு வந்தாரு. பழைய வண்டியா சேத்து வச்சிருக்காராம். இந்த மாதிரி நாட்டுலயே நாலஞ்சுதான் மிச்சம்னாரு. அதக் குடுத்தா இத எடுத்துக்கன்னாரு. நான் என்னக்கா செய்ய? எனக்கு வண்டியில்லாம முடியாதே."

"அது உனக்கு மட்டும் குடுத்ததா இலாரியே?"

"தெரியும்க்கா. அதனாலதான் இதயும் அண்ணன் பேரச் சொல்லித்தான் எடுக்குறேன். காலையில சாவி போடும்போது ஒரு தடவ, 'பிலிமோன் அண்ணனுக்கு'ன்னு சொல்லிட்டுத்தான் எடுக்குறேன். பழசுக்குப் புதுசு போயிருக்கு. அவருக்கு லாபம்தானே."

லியோன்தினா அந்தச் சாம்பல் வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் பொத்தான்கள்.

"இந்த வண்டியோட கதவத் திறக்கவே அவருக்குத் தெரியாதுடா," என்றார்.

தானத்துக்கு நிபந்தனை கிடையாது. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது என்றெல்லாம் கொடுக்கும்போது சொன்னால் அது தானமே ஆகாது. ஆகவே இலாரியே செய்தது தவறு என்று வாதிடுவதற்கும் லியோன்தினாவுக்கு வழியிருக்கவில்லை. அதுதான் அவரை மிகவும் வருத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் கேட்டார்.

"குடுத்தது குடுத்ததும்மா. அது போய்ச் சேந்தாச்சு," என்றார் பாதிரியார்.

"சேந்த வண்டி இப்ப ஓடுதா நிக்குதா சாமி?"

பாதிரியார் இளைஞர். அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது சமீபத்தில்தான். தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"இதுக்குப் புத்தகத்துல பதில் இல்லம்மா. ஜெபம் பண்ணுங்க," என்றார்.

லியோன்தினா ஜெபமும் பண்ணினார். ஆனால் முதல் பனி விழுந்த வாரத்தில் பழைய கனவு திரும்பி வந்தது. இம்முறை பிலிமோன் மரத்தைப் பிடித்து நிற்கவில்லை. சாலை ஓரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். வண்டி அசையவில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவர் லியோன்தினாவை ஏதோ கேட்டார். சத்தம் வெளியே வரவில்லை.

"என்னைய அங்க கூட்டிட்டுப் போ," என்றார் லியோன்தினா மறுநாள் இலாரியேவிடம். "பாத்துட்டு வந்துடறேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்."

போகும் வழியெல்லாம் இலாரியே ஏதாவது பேசிக்கொண்டே வந்தார். பேசாமலிருக்க அவருக்குப் பயமாக இருந்தது என்பதே உண்மை.

"சீட்டுல சூடு வர மாதிரி பொத்தான் இருக்குக்கா. போடவா?"

"எனக்கு என்ன காய்ச்சலா?"

"இல்ல, குளிருதேன்னு."

"குளிருனா அடுப்புக்கிட்ட உக்காருவேன். வண்டி மேல போய் உக்கார மாட்டேன்."

சிறிது நேரம் கழித்து லியோன்தினாவே, "சரி, போடு. அவரு எப்படி உக்காந்திருப்பாருன்னு பாப்போம்," என்றார். பொத்தான் அழுத்தப்பட்டது. சற்றைக்கெல்லாம் அவர் இருக்கையின் நுனிக்கு நகர்ந்துகொண்டார். "ஐயோ வேண்டாம்பா. அவரு கத்துவாரு."

புக்கரெஸ்ட் நகரத்தின் எல்லையில், முன்பு ஏதோ கிடங்காக இருந்த நீண்ட கட்டடத்தில் பல்மருத்துவர் ஹோரியா அவர்களை வரவேற்றார். மிகவும் பண்பானவர். வாசலுக்கே வந்து லியோன்தினாவின் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார். உள்ளே ஒளி வெள்ளமாக இருந்தது. கண்ணாடி போன்ற தரையில் பழைய வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் இன்று காலைதான் பிறந்ததுபோல் இருந்தது.

"இதுதாம்மா உங்க வண்டி," என்றார் ஹோரியா.

லியோன்தினாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பச்சை நிறம் போய்விட்டிருந்தது. பாலேடு போன்ற வெண்மையில் வண்டி மின்னியது. பிலிமோன் கம்பி வைத்துக் கட்டியிருந்த பின்பலகை இல்லை; புதிய பலகை இருந்தது. நான்கு சக்கரங்களும் தரையைத் தொடவில்லை. அடியில் இரும்பு முட்டுக் கொடுத்து, வண்டியை ஒரு சாண் உயரத்தில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"ஏங்கய்யா தூக்கி வச்சிருக்கீங்க?"

"நின்னுக்கிட்டே இருந்தா டயர் அமுங்கிடும்மா. இப்படி வச்சா எத்தன வருஷமானாலும் கெடாது. ஃபாக்டரியிலேர்ந்து வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டுவந்திருக்கேன். ஒரு ஆணி கூட வேற இல்ல."

"உள்ள உக்காரலாமா?"

"தாராளமா உக்காருங்க. உங்களுக்கு இல்லாததா?"

இலாரியே தோள் கொடுக்க, லியோன்தினா ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். திருமணமான நாளிலிருந்து ஓட்டுநருக்கு வலப்பக்கத்து இருக்கையில் மட்டுமே உட்கார்ந்தவர் அவர். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் வலது கை, தானாகவே, முழங்காலுக்குப் பக்கத்தில் வெறும் காற்றைத் துழாவியது. குனிந்து பார்த்தார். மீண்டும் துழாவினார்.

"அந்தத் தண்டு எங்கய்யா?"

"எந்தத் தண்டு?"

"குமிழு வச்ச தண்டு. இங்க இருந்துச்சே."

"ஓ, அதுவா. எடுத்தாச்சும்மா. அது ஒரிஜினல் இல்ல. யாரோ கைவேலையா மாட்டினது."

"அது இல்லாம அவரால ஓட்ட முடியாதுய்யா."

"யாரால?"

இலாரியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரரால."

ஹோரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்கம்மா. அவரு தவறிட்டாருன்னு இவரு சொன்னாரே."

"ஆமா. அதனாலதான் கேக்குறேன்," என்றார் லியோன்தினா.

ஹோரியா சிரிக்கவில்லை என்பதை அவர் பொருட்டுக் குறிப்பிட வேண்டும். அவருடைய தந்தைக்கும் எங்கோ ஒரு கல்லறை இருந்திருக்கும். அங்கும் எவரோ ஒரு குவளையோ போர்வையோ கொடுத்திருப்பார்கள். அவர் பின்னறைக்குப் போய்ப் பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினார். வேலையாட்களுக்கு ஃபோன் செய்து கேட்டார். திரும்பி வந்தபோது கையெல்லாம் தூசியாக இருந்தது.

"பழைய இரும்போட போயிடுச்சும்மா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எடுத்து வச்சிருப்பேன்." கைத் தூசியைத் துடைத்துக்கொண்டார். "எஞ்சின் போட்டுக் காட்டவா? அருமையா ஓடுது."

லியோன்தினா இறங்கிக்கொண்டார். ஹோரியா ஏறிச் சாவியைத் திருகினார். இருமல் இல்லாமல் எஞ்சின் உயிர் பெற்றது. அவர் கியர் மாற்றியதும், அந்தரத்தில் தொங்கிய முன்சக்கரங்கள் இரண்டும் சுழலத் தொடங்கின. மெல்ல, பிறகு வேகமாக, பளபளவென்று சுழன்றன. தரைக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு சாண் வெளிச்சம் இருந்தது. வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை.

"போதும்யா, நிறுத்திடுங்க," என்றார் லியோன்தினா. "பெட்ரோல வீணாக்குனா அவருக்குப் பிடிக்காது."

வாசல்வரை வந்து ஹோரியா அவருடைய கையைத் தன் இரு கைகளிலும் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு நாள் அத அழியாம வச்சிருந்ததுக்கு உங்க குடும்பத்துக்கு நான் ரொம்ப நன்றி சொல்லணும்மா," என்றார்.

நன்றி என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் லியோன்தினா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். ஹோரியா மீது குற்றமில்லை. அவர் அதைத் தானமாகப் பெறவில்லையே.

திரும்பும் வழியில், சமவெளி முடிந்து மலை தொடங்குமிடத்தில் இலாரியே வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கின் மீது நெற்றியை வைத்துக்கொண்டார்.

"இத அவருக்கே திருப்பிக் குடுத்துட்டு அத வாங்கிட்டு வந்துடறேன்க்கா. கால்ல விழுந்தாவது கேக்குறேன்."

"வாங்கி என்ன செய்வ? சோதனைக்காரன் ரோட்டுல விட மாட்டான். தண்டும் இல்ல."

"கொல்லன்கிட்ட சொல்லி இன்னொரு தண்டு..."

"குடுத்தத திருப்பிக் கேட்டா, அது அவரு கையிலேர்ந்து புடுங்குன மாதிரி ஆயிடும் இலாரியே. விடு. நீ முதுகுல தூக்கிட்டுப் போனவன். உன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இலாரியே குலுங்கிக் குலுங்கி அழுதார். லியோன்தினா அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிலிமோனைத் தாங்கியிருந்த முதுகு அது. லியோன்தினாவுக்குக் கண்ணீர் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். பிலிமோனுடைய உடைமைகளில் அவர் எவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

பழுப்பு நிறத் தோல் காலணிகள். கால் எடுத்த பிறகு நகரத்தில் வாங்கியவை. எந்தக் கடையிலும் ஒற்றைக் காலணி விற்பதில்லை என்பதால் ஜோடியாகவே வாங்க வேண்டியிருந்தது. "வலது இருக்கட்டும். முளைச்சா போட்டுக்கறேன்," என்று கடைக்காரரிடம் பிலிமோன் சொன்னது அவர் நினைவுக்கு வந்தது. கடைக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். இடது காலணியின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, தோல் மடிந்து, பிலிமோனுடைய பாதத்தின் வடிவமாகவே ஆகியிருந்தது. வலது காலணிக்குள் கடையில் திணித்த தாள் அப்படியே இருந்தது. நாற்பதாம் நாளன்று லியோன்தினா இந்தப் பெட்டியைக் கையில் எடுத்து மீண்டும் உள்ளே வைத்துவிட்டார். தேய்ந்ததைத் தானம் கொடுப்பது மரியாதையன்று. தேயாத அந்த ஒன்றை இல்லாத காலுக்குக் கொடுப்பதோ, கேலி செய்வது போலிருந்தது.

இறந்தோருக்கான சனிக்கிழமை வந்தது. லியோன்தினா இரண்டு காலணிகளுக்கும் மெருகெண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கினார். தாளை வெளியே எடுத்தார். வாரோடு ஒரு மெழுகுவத்தியைச் சிவப்பு நூலால் கட்டினார். வட்ட ரொட்டியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு, சரிவில் இறங்கி இலாரியேவின் வாசலுக்குப் போனார்.

"ஒண்ணு தேஞ்சிருக்கு, ஒண்ணு புதுசு. தப்பா எடுத்துக்காதப்பா. இத விட்டா எங்கிட்ட வேற இல்ல."

இலாரியே காலணிகளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றினார்.

"இது பிலிமோனுக்கு."

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

வாசற்படியிலேயே உட்கார்ந்து இலாரியே அவற்றை அணிந்துகொண்டார். எழுந்து முற்றத்தில் நான்கு அடி நடந்தார். ஒரு தோள் உயர்ந்தும் மறுதோள் தாழ்ந்தும் நொண்டுவது போலிருந்தது.

"சரியா இருக்கா?" என்று கேட்டார் லியோன்தினா.

"இடது தொளதொளன்னு இருக்கு. வலது கடிக்குதுக்கா."

"கடிக்கத்தான் செய்யும்," என்றார் லியோன்தினா. "அவருக்கும் அந்தக் காலு புதுசுதான."

அப்போதுதான் அவர் அழுதார்.

மறுநாளிலிருந்து இலாரியே, பழக்கூடை ஏற்றும் நாட்கள் தவிர மற்ற நாட்களில், அந்தக் காலணிகளோடு தோட்டத்துக்கு நடந்தே போகிறார். விடியற்காலையில் பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்தபடி லியோன்தினா காத்திருப்பார். சரளைக் கல் மீது அந்த ஓசை வரும். ஓர் அடி மெத்தென்று விழும். அடுத்தது டொக்கென்று விழும். வேலியைத் தாண்டும்போது அது சற்றுத் தயங்கும். வண்டி ஒரே மூச்சில் ஏறிய மேட்டில் அந்த ஓசை நின்று நின்றுதான் ஏறுகிறது. வளைவுக்கு முன்னால் வெகுநேரம் ஒன்றுமே கேட்காது.

"மெதுவாப் போங்க," என்பார் லியோன்தினா, கறப்பதை நிறுத்திவிட்டு. "யாரு தொரத்துறாங்க."

பிறகு, மிகத் தொலைவில், அந்த டொக்கென்ற அடி மறுபடி கேட்கும்.